வேலியே பயிரை மேயலாமா?



கண்டிக்குப் போய் வந்ததாக யாராவது சொன்னால் நம் மனக்கண்முன் எவை தோன்றும்? 1807ஆம் ஆண்டளவில் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் வெட்டுவித்த வாவி தோன்றும். தலதா மாளிகை தோன்றும். பெரஹராவில் அணிவகுக்கும் யானைகளும், ஹந்தானை மலையில் தவழும் மூடுபனியும் தோன்றும். நம்மவர்களுக்கு மீரா மக்காம் பள்ளியும் கட்டுக்கலை ஜும்ஆப் பள்ளியும் நினைவுக்கு வரும். ஆனால் வீதியோரத்து வேலி யாருடைய நினைவுக்காவது வருமா?

அந்த வேலியைப் பார்க்கத்தான் இன்று உங்களை அழைத்துச் செல்லப் போகிறேன். இந்த மலைநாட்டில் இருபது வருடங்களுக்கு மேலாக ஓதிக் கொடுத்து வருகிறேன். அந்த வேலியருகே ஆயிரம் தடவை நடந்திருப்பேன். ஒரு நாளும் அதை நின்று பார்த்ததில்லை. அடுப்பு அணைந்த பிறகுதான் பார்த்தேன்.

அடுப்பு அணைந்த நாட்கள்

2022ஆம் ஆண்டை இலங்கையர் எவரும் மறக்கமாட்டார்கள். நாட்டின் கையிருப்பில் டொலர் இல்லை. டொலர் இல்லாததால் எண்ணெய்க் கப்பல் இல்லை, எரிவாயுக் கப்பலும் இல்லை. பெட்ரோலுக்கு ஒரு வரிசை, மண்ணெண்ணெய்க்கு ஒரு வரிசை, சமையல் எரிவாயுவுக்கு இன்னொரு வரிசை. வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் கோத்து வீதியோரத்தில் நிறுத்திவிட்டு, அவற்றின் பக்கத்திலேயே மக்கள் இரவைக் கழித்தார்கள். 2021 ஒக்டோபருக்கு முன்னர் 1,500 ரூபாவுக்கும் குறைவாக விற்ற 12.5 கிலோ சிலிண்டர், 2022 நடுப்பகுதியில் 4,900 ரூபாவுக்கு ஏறியது. அந்த விலையைக் கொடுக்கத் தயாராக இருந்தவர்களுக்கும் பல நாட்கள் கிடைக்கவில்லை.

எங்கள் மத்ரஸாவில் எண்பது பிள்ளைகள் தங்கி ஓதுகிறார்கள். மூன்று வேளையும் சோறாக்க வேண்டும். நோன்புப் பெருநாள் விடுமுறை முடிந்து பிள்ளைகள் திரும்பி வந்த வாரத்திலேயே கடைசிச் சிலிண்டரும் தீர்ந்துபோயிற்று. என்ன செய்வது? பின்புறத்தில் நின்ற பழைய மாமரத்தை வெட்டினோம். அந்த யோசனையைச் சொன்னவன் நான்தான்.

அது மழைக்காலம். பச்சை மரத்தை வெட்டி மறுநாளே அடுப்பில் வைத்தோம். தீ பிடிக்கவில்லை, புகைதான் வந்தது. விறகின் மறுமுனையிலிருந்து தண்ணீர் நுரைத்து வழிந்தது. எங்கள் சமையல்கார நானாவின் கண்கள் இரண்டும் சிவந்து வீங்கிவிட்டன. லுஹருக்கு முன் தயாராக வேண்டிய சோறு அஸருக்குத்தான் இறங்கியது. பசியோடு பாடம் ஓதிய அந்தப் பிள்ளைகளின் முகங்களை என்னால் மறக்க முடியவில்லை.

இங்கே வெட்கத்தோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். பச்சை மரத்திலிருந்து உங்களுக்கு நெருப்பை உண்டாக்கியவன் என்று அல்லாஹ் தன்னைப் பற்றிக் கூறும் சூரத்து யாஸீனின் ஆயத்தை வருடா வருடம் பாடம் நடத்துகிறவன் நான். அரபு நாட்டில் மர்க், அஃபார் என்று இரண்டு மரங்கள் உண்டு, அவற்றின் பச்சைக் கிளைகளை ஒன்றோடொன்று உரசினால் தீப்பொறி பறக்கும் என்று தப்ஸீர் நூல்களில் உள்ள விளக்கத்தையும் சொல்லிக் கொடுப்பேன். அரபு நாட்டு மரத்தின் பெயரும் குணமும் எனக்குத் தெரிந்திருந்தது. நான் வசிக்கும் ஊரில் எந்த மரம் விறகுக்கு உதவும், அதை எப்போது வெட்டலாம், எத்தனை நாள் காயவைக்க வேண்டும் என்பதெல்லாம் தெரியவில்லை.

வேலியில் நிற்கும் மரம்

அந்த வாரம் தெல்தோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு மாணவனின் வாப்பா மகனைப் பார்க்க வந்தார். சிறிய மிளகுத் தோட்டக்காரர். சமையலறையை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பச்சை விறகு எரியாது ஹஸரத், அழும்!" என்றார். "உங்கட வேலியிலயே நிக்குதே கிளிரிசீடியா. அதை வெட்டி ஒரு மாசம் மழை படாமல் அடுக்கி வெச்சிருந்தா இந்தக் கஷ்டம் இல்லையே!"

கிளிரிசீடியாவை நீங்களும் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். தமிழில் சீமைக்கிளுவை என்கிறோம். சிங்களச் சகோதரர்கள் கினிசீரியா என்றும் வெட்டமாரா என்றும் அழைப்பார்கள். சிங்களத்தில் 'வெட்ட' என்றால் வேலி. ஆக, பெயரிலேயே வேலியைச் சுமக்கும் மரம் இது. வருடத் தொடக்கத்து வறண்ட மாதங்களில் இலை உதிர்த்து, இளஞ்சிவப்புப் பூக்களைக் கொத்துக் கொத்தாகத் தாங்கி நிற்கும்.

இதன் பூர்வீகம் மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும். கொக்கோத் தோட்டங்களுக்கு நிழல் கொடுத்ததால் ஸ்பானிய மொழி பேசுவோர் இதைக் 'கொக்கோவின் தாய்' என்றே அழைத்தார்கள். கிளிரிசீடியா என்ற லத்தீன் பெயருக்கு 'எலிக்கொல்லி' என்பது பொருள். இதன் பட்டையையும் விதையையும் அந்நாட்டார் எலிக்கு நஞ்சாக வைத்தார்களாம். ஆனால் ஆட்டுக்கும் மாட்டுக்கும் இதன் இலை நல்ல தீவனம். ஒன்றுக்கு நஞ்சாவது இன்னொன்றுக்கு உணவு! படைத்தவனின் ஹிக்மத்தை என்னவென்பது?

ஒரு கம்பை வெட்டி ஈர மண்ணில் குத்திவிட்டால் போதும், வேர் பிடித்துவிடும். யாழ்ப்பாணத்தார் இதைக் கதியால் என்பார்கள். வெட்ட வெட்டத் துளிர்க்கும். அவரைக் குடும்பத்து மரமாகையால், வேரில் வாழும் நுண்ணுயிர்களின் துணையோடு காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்க்கும். அதனால் இலை பசளையாகிறது, தண்டு விறகாகிறது, மரம் நிற்கும் இடமோ வளமாகிறது. இந்தக் குணங்களைக் கருத்தில் கொண்டுதான் தேயிலை, இறப்பர், தென்னை ஆகியவற்றுக்கு அடுத்த நான்காவது பெருந்தோட்டப் பயிராக 2005ஆம் ஆண்டில் இலங்கை அரசாங்கம் கிளிரிசீடியாவை ஏற்றுக்கொண்டது. விறகுக்கும் மின்சாரத்துக்குமாக வளர்க்கப்படும் எரிசக்திப் பயிர் என்ற அந்தஸ்து அதற்குக் கிடைத்தது.

வேலி மரத்துக்கு இவ்வளவு பெரிய பதவியா என்று அப்போது நான் வியந்ததுண்டு. பதவி வந்தால் சோதனையும் கூடவே வரும் என்பது பின்னால்தான் விளங்கியது.

கலஹா வழியே

அதற்கு அடுத்த வருடம், பின்னால் சொல்லப்போகும் ஒரு காரணத்துக்காக, அந்த மிளகுத் தோட்டக்காரரைத் தேடி நானே தெல்தோட்டைக்குப் புறப்பட்டேன். நீங்களும் என்னுடன் பஸ்ஸில் ஏறிக்கொள்ளுங்கள்.

கண்டியிலிருந்து மேற்கே சில கிலோமீட்டரில் பேராதனை. 1821இல் அலெக்சாண்டர் மூன் என்பவரின் பொறுப்பில் அமைந்த தாவரவியல் பூங்காவை மூன்று பக்கமும் மகாவலி கங்கை வளைத்து ஓடுகிறது. உலகின் பல மூலைகளிலிருந்தும் வந்த மரங்கள் இங்கே நிற்கின்றன. நாட்டின் செல்வத்தைத் தீர்மானித்த பயிர்களில் எத்தனையோ வெளியிலிருந்து வந்தவைதாம். ஆற்றுக்கு அப்பால் கன்னொறுவையில் விவசாய ஆய்வுக்கூடங்கள். கலஹா சந்தியில் திரும்பினால் பல்கலைக்கழக வளாகம், பிறகு ஹிந்தகலை. அதன்பின் பாதை வளைந்து வளைந்து மேலே ஏறுகிறது.

வழிநெடுகிலும் கண்டிய வீட்டுத் தோட்டங்கள். இவற்றைத் தோட்டம் என்பதா, காடு என்பதா? மேலே பலாவும் கித்துளும் ஈரப்பலாவும். அதற்குக் கீழே கராம்பும் சாதிக்காயும். இன்னும் கீழே கோப்பியும் வாழையும். தரையில் இஞ்சியும் மஞ்சளும். இடையிடையே கிளிரிசீடியாவில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. கொடிக்கு வெயில் தேவைப்படும்போது மரத்தின் கிளையை வெட்டுகிறார்கள். வெட்டிய கிளையில் இலை கொடியின் அடிக்குப் போகிறது, கம்பு அடுப்படிப் பரணுக்குப் போகிறது. விறகுக்கென்று ஒரு அடி நிலமும் தனியாக ஒதுக்கப்படவில்லை!

மிளகும் பாக்கும் கண்டி முஸ்லிம்களுக்குப் புதியவை அல்ல. கண்டி மன்னர்களின் காலத்தில் நம் முன்னோர்களில் பலர் தவளம் எனப்படும் பொதிமாட்டுக் கூட்டங்களை ஓட்டியவர்கள். மலையிலிருந்து பாக்கைக் கரைக்கு இறக்கி, கரையிலிருந்து உப்பை மலைக்கு ஏற்றினார்கள்.

கலஹாவைத் தாண்டினால் தேயிலை தொடங்குகிறது. தெல்தோட்டைக்கு அப்பால்தான் லூல்கந்துர தோட்டம். ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலையை வர்த்தகப் பயிராக முதன்முதல் நட்ட இடம் அது. கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்து சேர்ந்ததும் அதே வருடம்தான். அன்று மலையெங்கும் கோப்பி நிறைந்திருந்தது. இரண்டே வருடத்தில், 1869இல், கோப்பி இலையில் துருநோய் கண்டது. இருபது வருடங்களுக்குள் கோப்பிச் சாம்ராஜ்யமே சாய்ந்துவிட்டது. ஒரே பயிரை நம்பி ஒரு நாட்டையே அடகு வைத்தால் நடப்பது இதுதான். ஜேம்ஸ் டெய்லர் இன்று கண்டி மஹியாவையில் அடக்கமாகி இருக்கிறார். அந்தப் பாடமும் அவரோடு அடக்கமாகிவிடக் கூடாதல்லவா?

விறகின் கணக்கு

பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் புகைபோக்கி தெரிந்தது. பக்கத்தில் மலைபோல் விறகு. நாம் குடிக்கும் தேநீரில் இருப்பது இலையும் தண்ணீரும் மட்டும் என்றா நினைக்கிறீர்கள்? கொழுந்தை வாட்டுவதற்கும் பிறகு உலர்த்துவதற்கும் சூடான காற்று வேண்டும். ஒரு கிலோ தேயிலைத்தூள் தயாரிக்க நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்தும், ஒன்றரை முதல் இரண்டு கிலோ வரை விறகும் செலவாகின்றன. மலையகத் தேயிலைத் தொழிற்சாலைகள் இறப்பர் மரத்தையும் யூகலிப்டஸையும் சபுக்கையும் எரித்து வந்தன. இப்போது கிளிரிசீடியாவும் அதில் சேர்ந்துகொண்டது.

தேயிலை மட்டுமல்ல. கண்டி நகரத்துப் பேக்கரிகள் பலவற்றில் இன்றும் விறகுப் போறணைதான். இலங்கையின் மொத்த எரிசக்தித் தேவையில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கை இன்றும் விறகும் அது போன்ற உயிர்ப்பொருட்களுமே நிறைவு செய்கின்றன. விறகு போன நூற்றாண்டின் சங்கதி என்று நகரத்தில் உட்கார்ந்துகொண்டு சொல்வது எவ்வளவு பெரிய தவறு!

மின்சாரத்துக்கும் இது உதவுகிறது. கண்டிக்குத் தென்கிழக்கே வலப்பனையில் 1 மெகாவாட் அளவிலான சிறிய விறகு மின்நிலையம் ஒன்று 2000களின் நடுப்பகுதியில் நிறுவப்பட்டது. பதினெட்டு வளைவுப் பாதையில் கிழக்கே இறங்கினால் வரும் மஹியங்கனையில் 5 மெகாவாட் நிலையம் ஒன்று எழுந்தது. கிராமத்தவர்களிடம் கிளிரிசீடியாவை விலைக்கு வாங்கி எரிப்பது அதன் வழி. ஒரு யூனிட் மின்சாரம் பெற ஏறத்தாழ ஒன்றேகால் முதல் ஒன்றரைக் கிலோ காய்ந்த விறகு தேவை. ஒரு லீற்றர் உலை எண்ணெய் செய்யும் வேலையைச் செய்ய மூன்று கிலோ விறகு வேண்டும். ஆனால் அந்த மூன்று கிலோவுக்கு டொலர் தேவையில்லை. கொடுக்கும் ரூபா ஊருக்குள்ளேயே சுற்றும்.

"எல்லாம் காய்ச்சல்லதான் இருக்கு ஹஸரத்" என்று விறகு அடுக்கைக் காட்டினார் என் நண்பர். வெட்டிய பச்சைத் தண்டின் எடையில் பாதியளவு தண்ணீர்தான். அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதிலேயே நெருப்பின் ஒரு பகுதி வீணாகும், புகையும் கூடும். காற்றோட்டமான கொட்டிலில், தரையில் படாமல், குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி வைத்தால் வெயிலும் காற்றும் அந்த வேலையை இலவசமாகச் செய்துவிடும். நாங்கள் மாமரத்தை வெட்டிய மறுநாளே எரித்த கதையை நினைத்துத் தலை குனிந்தேன்.

வீட்டின் பின்னால் சரிவு நிலம். சரிவுக்குக் குறுக்கே வரிசை வரிசையாகக் கிளிரிசீடியா வேலி. "இது ஆட்டுக்கா, விறகுக்கா?" என்று கேட்டேன்.

"முதல்ல மண்ணுக்கு. மண் நிண்டாத்தானே மத்ததெல்லாம்?" என்றார்.

எவ்வளவு பெரிய வார்த்தை! இந்தச் சரிவுகளில் கரைந்தோடும் மண் மகாவலியில் சேர்ந்து, 1976இல் கட்டிய பொல்கொல்லை அணைக்கும், 1985இல் திறந்த விக்டோரியா நீர்த்தேக்கத்துக்கும் போய்ப் படிகிறது. நமக்கு நீர்மின்சாரம் தருகிற நீர்நிலைகள் அவை. மண்ணைத் தடுத்து நிற்கும் வேலி, எரியாமலேயே நம் வீட்டு விளக்கைக் காக்கிறது!

வேலி வயலுக்குள் இறங்கினால்?

நான் தெல்தோட்டைக்குப் போன காரணத்தை இனிச் சொல்கிறேன். எங்கள் மத்ரஸாவுக்கு மூன்று ஏக்கர் வக்பு நிலம் இருக்கிறது. ஓதும் பிள்ளைகளின் உணவுக்காக என்று எழுதி வைத்த நிலம். கீழே ஒரு ஏக்கர் வயல். நடுவில் தென்னையும் மரக்கறியும். மேலே தரிசுச் சரிவு. 2023இல் ஒருவர் வந்தார். முழு நிலத்தையும் பத்து வருடக் குத்தகைக்குக் கேட்டார். எல்லாவற்றையும் சமப்படுத்திக் கிளிரிசீடியா நட்டு, தொழிற்சாலைகளுக்கு விறகு அனுப்புவாராம். குத்தகைப் பணமோ வயலில் வரும் வருமானத்தைவிட அதிகம்.

நிர்வாக சபையில் மஷூரா நடந்தது. மார்க்கத் தீர்ப்பு எப்படி என்று என்னிடம் கேட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன், என் மனம் முதலில் குத்தகையின் பக்கமே சாய்ந்தது. நாட்டின் டொலர் மிச்சமாகும், மத்ரஸாவுக்கும் பணம் வரும், ஒரு மாதம் அவகாசம் தாருங்கள் என்றேன். அந்த ஒரு மாதத்தில்தான் இந்தப் பயணமும், கொஞ்சம் வாசிப்பும்.

வாசிக்க வாசிக்கத் திகைப்பு. இந்தியாவில் 2003இல் காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து டீசல் எடுக்கும் திட்டம் பெரிதாகப் பேசப்பட்டது. 2011-12க்குள் டீசலில் 20 சதவீதம் இதுவே கலக்கும் என்று இலக்கு வைத்தார்கள். தமிழகம் உட்படப் பல மாநிலங்களில் விவசாயிகள் நட்டார்கள். தண்ணீரில்லாத தரிசிலும் காய்த்துக் கொட்டும் என்ற பேச்சு பொய்த்தது. தண்ணீரும் உரமும் இல்லாமல் அது போதுமான அளவு காய்க்கவில்லை. இலக்கு காற்றில் போனது. இந்தக் காட்டாமணக்குக்குச் சிங்களத்தில் என்ன பெயர் தெரியுமா? வெட்ட எந்தரு, அதாவது வேலி ஆமணக்கு! ஆட்டுக்கும் மாட்டுக்கும் பிடிக்காத இலையாதலால் தலைமுறை தலைமுறையாக வேலியில் நல்லபடி நின்ற செடி. வேலியை விட்டு வயலில் இறக்கியபோதுதான் தோற்றது.

அமெரிக்காவின் கதை இன்னொரு விதம். அங்கே விளையும் சோளத்தில் மூன்றிலொரு பங்குக்கும் மேல் எதனோல் என்ற வாகன எரிபொருளுக்குப் போகிறது. ஒரு பெரிய காரின் தாங்கியை ஒரு தடவை முழுக்க எதனோலால் நிரப்ப 200 கிலோவுக்கு மேல் சோளம் வேண்டும். ஓர் ஏழை மனிதனின் ஒரு வருட உணவு! 2007-08இல் உலகெங்கும் தானிய விலை ஏறி, ஏழை நாடுகளில் மக்கள் வீதியில் இறங்கியதற்கு இதுவும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. உணவு உரிமைக்கான ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் ஜீன் சீக்லர், உணவுப் பயிரை எரிபொருளாக்குவது மனித குலத்துக்கு எதிரான குற்றம் என்று 2007இல் சாடினார்.

கிளிரிசீடியா சோளம் அல்லவே, அதை யாரும் உண்பதில்லையே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் அது நிற்கும் நிலம் உணவு தரும் நிலமாக இருந்தால்? 'வேலியே பயிரை மேய்ந்தாற்போல' என்ற நம் பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் உண்டா?

மஷூராவில் நடந்தது

மாத முடிவில் மீண்டும் கூடினோம். வக்பு செய்தவர் விதித்த நிபந்தனையை மார்க்கச் சட்டம் போலவே மதிக்க வேண்டும் என்பது பிக்ஹு நூல்களில் உள்ள விதி. நிபந்தனை, பிள்ளைகளின் உணவு. அப்போது ஒரு மூத்த நிர்வாகி கேட்டார். "குத்தகைக் காசில அரிசி வாங்கலாமே ஹஸரத்? அதுவும் உணவுதானே?"

நியாயமான கேள்விதான். சமாதான காலத்தில் அதற்குப் பதில் சொல்வது கடினம். ஆனால் நாங்கள் 2022ஐப் பார்த்தவர்கள். "ஹாஜியார், அந்த வருடம் நம்மிடம் காசு இருந்தது, பொருள்தான் கிடைக்கவில்லை. அதற்கு முந்திய வருடம் இரசாயன உரத்தைத் திடீரென்று தடை செய்து, நவம்பரில் தடையை நீக்கினார்கள். அதற்குள் எத்தனை வயல்கள் விளைச்சல் குன்றின! கடையில் அரிசி இல்லாத நாளில் காசைச் சமைக்க முடியுமா?" என்றேன். அவர் பதில் பேசவில்லை.

இன்னொன்றையும் சொன்னேன். எங்கள் வக்பு நிலத்தில் காய்ந்து விழும் தென்னோலையையும் சுள்ளியையும் பொறுக்கித்தான் பக்கத்து வீட்டு விதவைத் தாய் ஒருவர் அடுப்பெரிக்கிறார். தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மனிதர்கள் யாவரும் பங்காளிகள் என்பது அண்ணல் நபி (ஸல்) அவர்களின் போதனை. கயிறெடுத்துப் போய் விறகு சுமந்து விற்பது, பிறரிடம் கையேந்துவதைவிட மேலானது என்றும் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். விறகு சந்தைச் சரக்காகி, நிலத்தைச் சுற்றிக் கம்பி போட்டுப் பூட்டுத் தொங்கினால் அந்தத் தாய் எங்கே போவார்? குத்தகைக் கணக்கில் அவர் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை. அவருடைய பங்கை விற்க நமக்கு என்ன அதிகாரம்?

அன்றைய முடிவு இதுதான். வயல் வயலாகவே இருக்கட்டும். தென்னையும் மரக்கறியும் அப்படியே நிற்கட்டும். தரிசுச் சரிவின் குறுக்கே கிளிரிசீடியா வரிசைகளை நட்டு மிளகு ஏற்றுவோம். எல்லையைச் சுற்றிலும் மீட்டருக்கு ஒரு கம்பாக ஏறத்தாழ 450 கம்புகளை வேலியாக நடுவோம். விழுந்த சுள்ளி எப்போதும் போல ஏழைகளுக்கே.

2023 ஒக்டோபர் மழையோடு பிள்ளைகளே நட்டார்கள். என் நண்பர் தெல்தோட்டையிலிருந்து கம்புகளை அனுப்பினார், காசு வாங்க மறுத்துவிட்டார். கம்பின் அடியைச் சாய்வாக வெட்டும் முறையையும் வந்து காட்டிக் கொடுத்தார். புகைபோக்கியுள்ள புதிய அடுப்பும் கட்டினோம். விறகுக்கு ஒரு கொட்டிலும் போட்டோம். இப்போது எங்கள் சமையலுக்கான விறகில் ஏறத்தாழ கால்பங்கு வேலியிலிருந்தே கிடைக்கிறது. மீதியை வாங்குகிறோம். அவசரத்துக்கு எரிவாயுவும் உண்டு. கால்பங்கு தானா என்று கேட்காதீர்கள். அந்தக் கால்பங்கு 2022இல் இருந்திருந்தால் மாமரம் இன்றும் நிழல் தந்துகொண்டிருக்கும், பிள்ளைகள் அஸர் வரை பசித்திருக்க மாட்டார்கள்.

உங்கள் வீட்டு வேலி

வாசக நெஞ்சங்களே! எரிசக்திப் பயிர் கூடாது என்பதல்ல என் வாதம். தேயிலைத் தொழிற்சாலைக்கும் பேக்கரிக்கும் விறகு வேண்டும். காட்டை அழிக்காமல் அதைக் கொடுக்க வளர்ப்பதே வழி. ஆனால் இடம் அறிந்து வளர்க்க வேண்டும். வேலியிலும் வரப்பிலும், மண் சரியும் மேட்டிலும், மிளகுக்குத் துணையாகவும், வேறொன்றும் விளையாத தரிசிலும் வளரட்டும். பிள்ளையின் சோற்றுத் தட்டு இருக்கும் இடத்தில் வேண்டாம்.

கண்டிப் பக்கம் வந்தால் வாவியைச் சுற்றிப் பாருங்கள், பூங்காவுக்குப் போங்கள். அப்படியே கலஹா பஸ்ஸிலும் ஒரு தடவை ஏறுங்கள். ஜன்னலோரம் உட்கார்ந்து வேலிகளைப் பாருங்கள். வீட்டுக்குத் திரும்பியதும் உங்கள் வளவின் எல்லையில் நாலு கம்பு நடுங்கள். சமையலறையில் விறகு எரிப்பவர்களானால், நனையாத ஒரு கொட்டிலை முதலில் போடுங்கள். புகையில் அழுவது நம் உம்மாமாரின் கண்கள் அல்லவா? ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால் அது அவனுக்கு ஸதக்கா என்பது நபிமொழி. அந்த நன்மையை வேலியோரத்திலேயே தேடிக்கொள்ளலாமே!

நீங்கள் மூட்டும் நெருப்பைப் பார்த்தீர்களா, அதற்குரிய மரத்தை முளைப்பித்தது நீங்களா நாமா என்று சூரத்துல் வாக்கிஆவில் அல்லாஹ் கேட்கிறான். அந்த நெருப்பை ஒரு நினைவூட்டலாகவும், பயணிகளுக்குப் பயன் தருவதாகவும் ஆக்கியிருப்பதாகவும் சொல்கிறான். இப்போது அந்த ஆயத்தைப் பாடம் நடத்தும் நாளில் பிள்ளைகளை வேலியருகே கூட்டிப்போய் நிறுத்திவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

வல்ல அல்லாஹ் நம் அடுப்புகளை அணையாமல் காப்பானாக! நம் வேலிகள் பயிரை மேயாமல் காப்பானாக! ஆமீன்.